பிள்ளைக்குப் பிரஷ் வாங்குவது எப்படி? ரெம்பியா பெற்றோருக்கு வயதுவாரி வழிகாட்டி

பிள்ளைக்குப் பல் பிரஷ் வாங்குவது லேசுப்பட்ட காரியம் என்று நினைப்பவர்கள் அலோர் காஜா பேரங்காடியில் அந்த அடுக்கின் முன்னால் நின்று பார்த்ததில்லை. சுவர் நிறையத் தொங்கும். ஒன்றின் கைப்பிடியில் டைனசோர், ஒன்றில் இளவரசி. இன்னொன்று அடியில் ரப்பர் வைத்துக் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். மற்றொன்று பொத்தானை அமுக்கினால் விளக்கெரியும். அட்டையின் ஒரு மூலையில், எறும்பு எழுத்தில், எந்த வயதுக்கு என்று போட்டிருக்கும். அதைக் கண்ணாடி போட்டுப் படிக்கும் சிரமம் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இந்த வழிகாட்டி. ரெம்பியா சுற்றுவட்டாரத்துத் தோட்டங்களிலும் தாமான்களிலும் தலைமுறை தலைமுறையாகக் கைக்கொள்ளப்படும் முறைகளை வயதுவாரியாகத் தொகுத்திருக்கிறோம்.

பொது விதிகள்

ஒன்று: பிரஷ்ஷைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரம் பிள்ளைக்கே உரியது. எந்தப் படத்தைப் பார்த்துக் கடை அதிர அழுகிறதோ, அதுவே பொருத்தமான பிரஷ். அதன் தலை அப்பாவின் வாய்க்கே பெரிதாக இருந்தாலும் பரவாயில்லை.

இரண்டு: நார் எவ்வளவு விறைப்போ அவ்வளவு சுத்தம். அடிபிடித்த சட்டியைத் தேய்த்துத் தேய்த்து நாம் கற்ற பாடம் இது. சட்டிக்கு ஈறு கிடையாது என்று பல் மருத்துவர்கள் குறுக்கே பேசுவார்கள். மென்மையான நார்தான் ஈறோரத்து இடுக்கில் நுழையும், விறைப்பானது ஈறைக் கீறிப் பின்வாங்க வைக்கும் என்பார்கள். கேட்டுக்கொள்ளுங்கள், வாங்குவது உங்கள் இஷ்டம்.

மூன்று: எந்தக் கட்டத்தில் தடுமாறினாலும் "விழப்போற பல்லுதானே" என்று சொல்லிவிடுங்கள். இந்த ஒரு வாக்கியம் பிறந்த நாள் முதல் பன்னிரண்டு வயது வரை எல்லாப் பொறுப்பிலிருந்தும் விடுதலை தரும்.

பிறந்தது முதல் ஒரு வயது வரை

பிரஷ் தேவையில்லை. சுத்தமான ஈரத்துணியை விரலில் சுற்றி ஈறைத் துடைக்கச் சொல்வார்கள். பல்லே இல்லாத வாயில் துடைக்க என்ன இருக்கிறது?

ஆறாம் மாதத்தை ஒட்டிக் கீழே இரண்டு பல் எட்டிப் பார்க்கும். உடனே படம் பிடித்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள். பினாங்கிலிருந்து சித்தியும் ஜொகூரிலிருந்து பெரியம்மாவும் இதயம் இதயமாக அனுப்புவார்கள். பிரஷ் வாங்கியாச்சா என்று ஒருவர்கூடக் கேட்கமாட்டார். முதல் பல் தெரிந்த அன்றே துலக்கத் தொடங்க வேண்டும் என்பது அரசாங்கப் பல் தாதியரான பல் மிஸ்ஸிகளின் கட்சி.

இரவில் பாப்பா அழுதால் பாலைக் கலக்கிப் புட்டியை வாயில் வைத்துத் தூங்க விடுங்கள். அம்மாவுக்குத் தொழிற்பேட்டையில் நைட் ஷிப்ட், பாட்டிக்கு முதுகுவலி. புட்டியைவிட்டால் வேறு யார் இருக்கிறார்கள்? அதன் பலன் இரண்டு வயதில் தெரியும். மேல் முன்பற்கள் நான்கிலும் ஈறை ஒட்டிச் சுண்ணாம்புக் கோடு விழும். அது பழுப்பாகும், பிறகு கறுப்பாகும், கடைசியில் கட்டையாகும். ஆனால் கீழ் முன்பற்கள் வெள்ளைவெளேர் என்றிருக்கும். காரணம், பிள்ளை சப்பும்போது நாக்கு அவற்றைப் போர்த்தி மூடிக்கொள்கிறது. மேல்வரிசையைக் காக்க ஆளில்லை. தூக்கத்தில் எச்சில் சுரப்பது குறைந்துவிடுவதால் பாலின் சர்க்கரை அங்கேயே தங்கி அமிலமாகிறது. வாயைத் திறந்ததுமே, "ராத்திரி புட்டியா?" என்று மிஸ்ஸி கேட்பது ஜோசியம் அல்ல.

டின் பால் ஊற்றுகிறவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. அந்த டின்னில் ஏறக்குறையப் பாதி சர்க்கரை. இப்போது 'கிரீமர்' என்று வருவதில் நம் வீட்டுக்குப் பின்னால் நிற்கும் செம்பனையின் எண்ணெயும் சேர்த்தி. கைக்குழந்தைக்கு ஏற்றதல்ல என்று அதிலும் எறும்பு எழுத்தில் போட்டிருக்கும். 1939-இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் என்ற அம்மையார் பேச எழுந்து, டின் பாலைக் குழந்தை உணவு என்று விற்பதைக் கொலை என்றே சொல்லிவிட்டார். அவர் பேசியது பல்லைப் பற்றி அல்ல, குழந்தைகளின் உயிரைப் பற்றி. நாம் இன்னும் பல்லுக்கே வந்து சேரவில்லை.

ஒன்று முதல் மூன்று வயது வரை

இப்போது பிரஷ் வாங்கலாம். வாங்கிப் பிள்ளையின் கையில் கொடுத்துவிடுங்கள். அது கடிக்கும், சப்பும், பூனையைத் துரத்தும், கடைசியில் காலணி அடுக்கில் போடும். பல் துலக்கியாயிற்று.

பற்பசையை விளம்பரத்தில் வருவதுபோல் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை அலை அலையாகப் பிதுக்குங்கள். மூன்று வயதுக்குள் ஓர் அரிசி அளவும், ஆறு வயது வரை ஒரு பட்டாணி அளவும் போதும் என்று அரசாங்க மருந்தகத்தில் சொல்வார்கள். அப்படிப் போட்டால் ஒரு டியூப் எப்போது தீரும்? கம்பெனிக்காரன் பிழைக்க வேண்டாமா?

இரண்டரை மூன்று வயதுக்குள் இருபது பாற்பற்களும் வந்துவிடும். துலக்கிவிட மிஸ்ஸி ஒரு முறை சொல்லித் தருவார். பெரியவர்கள் இருவர் முட்டியோடு முட்டி இடிக்க எதிரெதிரே உட்கார வேண்டும். பிள்ளையின் கால் ஒருவர் மடியில், தலை மற்றவர் மடியில். தலைப்பக்கம் இருப்பவர் மேலிருந்து வாய்க்குள் பார்த்துக்கொண்டே துலக்கலாம். முறை நல்ல முறைதான். இரண்டு பெரியவர்கள் ஒரே நேரத்தில் கைப்பேசியைக் கீழே வைக்க வேண்டும் என்பதுதான் இதில் உள்ள ஒரே சிக்கல்.

அந்தக் காலத்தில் இந்தப் பேச்சே இல்லை. விடியுமுன் இருட்டில் பெரட்டுக்கு, அதாவது தோட்டத்து ஆள்கணக்கெடுப்புக்கு, ஓடும் தாய், தூங்கும் பிள்ளையை அப்படியே ஆயாக்கொட்டகையில் போட்டுவிட்டுப் பால்வெட்டப் போய்விடுவாள். காலையில் துலக்க அவளுக்கு நேரம் இருந்ததில்லை. இன்று ஷிப்ட் பஸ்ஸைப் பிடிப்பவளுக்கும் இல்லை. காலையைவிட, படுக்கப் போகுமுன் துலக்குவதுதான் முக்கியம் என்று பல் மருத்துவம் நமக்குச் சாதகமாகவே சொல்கிறது. அந்தச் சலுகையையும் வாங்கிக்கொள்ள மாட்டோம் என்பது நம் பெருந்தன்மை.

நான்கு முதல் ஆறு வயது வரை

பாலர் பள்ளி வயது. இனிப் பொறுப்பு அரசாங்கத்துடையது. பல் மிஸ்ஸி பெரிய பிளாஸ்டிக் பல்செட்டோடு வருவார். பிள்ளைகள் கால்வாய் ஓரமாக வரிசையில் குந்தி, ஆளுக்கொரு குவளையோடு, டீச்சர் எண்ண எண்ணத் துலக்குவார்கள். வலது மேல், இடது மேல், உள்பக்கம், கடிக்கும் பக்கம் என்று ஒன்றும் தப்பாது. வீட்டுக்கு வந்ததும் உப்பின் இப்பின் பார்த்துக்கொண்டே ஸ்ட்ராபெரி பற்பசையைத் தின்பார்கள். பள்ளியில் துலக்கியது நாள் முழுவதற்கும் தாங்கும் என்பது நம் கணக்கு.

துலக்கியபின் துப்பினால் போதும், வாயில் ஃபுளோரைடு கொஞ்சம் தங்கட்டும், தண்ணீர் விட்டு அலச வேண்டாம் என்பார்கள். தாத்தா ஏற்றுக்கொள்ளமாட்டார். பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி காறிக் கொப்பளித்தால்தான் அவருக்குப் பல் துலக்கிய திருப்தி; பேரனுக்கும் அதுவே பாடம். குடிநீரில் ஃபுளோரைடு சேர்ப்பது 1972 முதல் இந்நாட்டின் கொள்கை. குழாயைத் திறந்தாலே பாதி வைத்தியம் வருகிறது. அதையும் வடித்தெடுக்க ஒரு மெஷினைத் தவணையில் வாங்கி வைத்திருந்தால் நீங்கள் இந்த வழிகாட்டியின் தலைமாணாக்கர்.

ஏழு முதல் பன்னிரண்டு வயது வரை

முதலாம் ஆண்டில் சேர்ந்த அன்று, "பெரிய பையனாயிட்டே, இனி நீயே வெளக்கிக்கோ" என்று சொல்லிக் கையைக் கழுவிவிடுங்கள். ஏழெட்டு வயது வரை பிள்ளையின் கை கடைவாய்க்கு வளைந்து கொடுக்காது, பெரியவர்தான் துலக்கிவிட வேண்டும் என்பார்கள். ஏழு வயதுப் பிள்ளை துலக்குவதைப் பக்கத்தில் நின்று பாருங்கள்: முன்பல்லில் நான்கு இழுப்பு, கண்ணாடியில் ஓர் இளிப்பு, முடிந்தது.

இதற்குள் வீட்டில் யாருக்கும் தெரியாமல் ஒன்று நடந்திருக்கும். ஆறு வயதை ஒட்டிப் பாற்பல் வரிசைக்குப் பின்னால் முதல் நிரந்தரக் கடைவாய்ப் பல் வந்திருக்கும். எந்தப் பல்லும் விழாமல் வருவதால் அதுவும் பாற்பல் என்றே எண்ணிக்கொள்வோம். அதன் மேற்புறம் பள்ளமும் மேடுமாக இருக்கும். முழுதாக வளரும்வரை மற்ற பற்களைவிடத் தாழ்ந்து நிற்பதால் நேராகப் போகும் பிரஷ் அதைத் தொடாது. கன்னத்துப் பக்கமிருந்து குறுக்கே நுழைத்துத் தேய்க்க வேண்டும். "விழப்போற பல்லுதானே" என்று இதையும் வாழ்த்திவிட்டால், அறுபது வயது வரை மென்று தர வேண்டிய பல் பத்து வயதில் மிஸ்ஸியின் தட்டில் கிடக்கும்.

நல்லவேளை, மிஸ்ஸிகள் நம்மை நம்பி இருப்பதில்லை. நியூசிலாந்தின் முறையைப் பார்த்து 1949-இல் பினாங்கில் அவர்களுக்கான பயிற்சிப் பள்ளி தொடங்கியது முதல், பிள்ளைகளைத் தேடிப் பள்ளிகளுக்கே வருகிறார்கள். மடக்கு நாற்காலி வகுப்பறைக்குள் வந்து விரியும் நாளில் வயிற்றுவலி சொல்லும் பிள்ளைகளுக்குப் பெற்றோர் துணைநிற்பது மரபு.

பதின்மூன்றுக்கு மேல்

இனி அவர்களே வாங்குவார்கள். இப்போது மவுசு கரிக்குத்தான். கறுப்பு நார் பிரஷ், கறுப்புப் பற்பசை, பாசார் மாலாமில் சோடியாகக் கிடைக்கும். லயத்து அடுப்பிலிருந்து காசில்லாமல் கரி எடுத்துத் தேய்த்த பாட்டியிடம், "ஏன் பாட்டி இன்னும் கரியில வெளக்குறீங்க?" என்று கேட்டு நைலான் பிரஷ் வாங்கிக் கொடுத்தது நாம்தான். 1938-இல் நைலான் நார் வருவதற்கு முன் பிரஷ் என்றால் பன்றி மயிர் என்பதைப் பாட்டியிடம் சொல்லாமல் விட்டதும் நாம்தான். இப்போது அதே கரிக்குப் பேத்தி வெள்ளி கொடுக்கிறாள். கொரகொரப்பாகத் தேய்த்தால் எனாமல் தேயும். அடுப்புக் கரியோ அலங்கார டியூபோ, பல்லுக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

கேள்வி பதில்

*பிரஷ்ஷை எப்போது மாற்றுவது?*

மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, அல்லது நார் விரிந்ததும். நம் வழக்கப்படி, விருந்தாளி பார்த்துவிட்ட மறுநாள்.

*மின்சாரப் பிரஷ் நல்லதா?*

நல்லதுதான், பேட்டரி தீரும்வரை. பிறகு டிவி ரிமோட்டிலிருந்து கழற்றிப் போடலாம். அதற்குப்பின் வீட்டில் எது முக்கியம் என்று தெரிந்துவிடும்.

*இவ்வளவும் சொன்னீர்கள், எதைத்தான் வாங்குவது?*

சின்னத் தலை, மென்மையான நார், மலிவு விலை. டைனசோர் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. ஆனால் இரண்டாக வாங்குங்கள்: ஒன்று பிள்ளை கடிக்க, மற்றது நீங்கள் துலக்கிவிட.