அக்னி நட்சத்திரமும் ஆறு சக்கரமும்

கே: வெயிலில் டயர் சூடேறிக் காற்று கூடிவிடுகிறது. வழியில் நிறுத்திக் கொஞ்சம் இறக்கிவிட்டால் வெடிக்காதுதானே? – லாரி ஓட்டுநர், சங்ககிரி

ப: இறக்காதீர்கள்! ஓட ஓட அழுத்தம் ஏறத்தான் செய்யும். கம்பெனி சொல்லும் அளவு அதையும் கணக்கில் வைத்துச் சொன்னது. காற்று குறைந்த டயர்தான் பக்கவாட்டில் மடங்கி மடங்கிக் கூடுதலாகச் சூடேறி வெடிக்கும். ஓவர்லோடும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். விடியற்காலையில், வண்டி நகருமுன் கேஜ் வைத்துப் பாருங்கள். இரட்டைச் சக்கரத்தில் உள்டயரையும் விடாதீர்கள். வெளிடயர் தாங்கிக்கொள்வதால் உள்ளே இறங்கியது கண்ணுக்குத் தெரியாது.

கே: லோடுக்குக் காத்திருக்கும்போது லாரிக்கு அடியில் படுத்துக்கொள்கிறேன். தப்பா? – கிளீனர், நாமக்கல்

ப: உயிர் போகிற தப்பு, தம்பி. வண்டியை எடுக்க வருபவருக்கு நீங்கள் கீழே கிடப்பது தெரியாது. ஜேசிபி, டிராக்டர் டிரெய்லர் எதற்கும் இதே பேச்சுதான். ஆனால் உங்களைவிட, பொட்டல் வெளியில் மணிக்கணக்காகக் காக்கவைப்பவர் மீதுதான் எனக்குக் கோபம். ஒரு தார்ப்பாயும் நாலு கம்பும் கிடைக்காதா அவருக்கு? இன்னொன்று: கேபினை மூடி, என்ஜினை ஓடவிட்டு ஏசியில் தூங்காதீர்கள். புகை கசிந்தால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும். அதற்கு வாசனையே கிடையாது.

கே: ரேடியேட்டர் கொதித்தால்?

ப: மூடியைத் தொடாதீர்கள், முகம் வெந்துவிடும். ஓரங்கட்டி, என்ஜினை அணைத்து, நன்றாக ஆறவிடுங்கள்.

கே: தண்ணீர் லாரி ஓட்டுகிறேன். பாதி இறக்கியதும் லேசாகிவிடும், வேகமாகப் போ என்கிறார் ஓனர். – சென்னை

ப: எடை குறையும்; ஆபத்து கூடும். நிறைந்த தொட்டியில் தண்ணீர் அசைய இடமில்லை. பாதித் தொட்டியில் அலையடிக்கும். திருப்பத்தில் ஒரு பக்கம் ஒதுங்கி வண்டியைச் சாய்க்கும். பிரேக் போட்டால் முன்னால் பாய்ந்து தள்ளும். தெருமுனையில் குடத்தோடு நிற்பவர்கள் பெண்களும் பிள்ளைகளும். டிரிப்புக்கு இவ்வளவு என்று கூலி வைத்தால் யாரும் மெதுவாக ஓட்ட மாட்டார்கள். ஓனரே, நாள்கூலி கொடுங்கள்.

கே: லாரிக்கு ஏசி கட்டாயமாமே? – திருச்செங்கோடு

ப: 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினுக்கு மட்டும். பழைய லாரி ஓட்டுபவருக்கு என்ன வழி? எட்டு மணி நேர வேலை, ஐந்து மணி நேரம் ஓட்டினால் அரைமணி ஓய்வு என்று 1961-லேயே மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் சொல்லிவிட்டது. கோடையில் அரைமணி போதாது. பகல் 12 முதல் 3 வரை வண்டியை நிழலில் போடச் சொல்லும் முதலாளிதான் நல்ல முதலாளி.

கே: வெயிலில் கூட வந்தவர் திடீரென உளறினால் தண்ணீர் கொடுக்கலாமா?

ப: வாயில் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். உடம்பில் ஊற்றுங்கள். வேர்த்திருந்தாலும் சரி, வேர்க்காவிட்டாலும் சரி, வெப்பம் மூளையைத் தாக்கிவிட்டது என்றே நினையுங்கள். முதலில் 108-ஐ அழையுங்கள். நிழலுக்குக் கொண்டுபோய், சட்டையைக் கழற்றி, தலை முதல் கால் வரை நனைத்து, ஆம்புலன்ஸ் வரும்வரை விசிறிக்கொண்டே இருங்கள். ஓனருக்கு அப்புறம் போன் பண்ணிக்கொள்ளலாம்.