நாளைக்கே எழுதிக் கொடுக்கிறேன்!

எந்தத் தாலுகா அலுவலகத்துக்குள் வேண்டுமானாலும் நுழைந்து பாருங்கள். மின்விசிறிக்கு நேர் கீழே, முதுகுக்கு ஒரு குட்டித் தலையணையை முட்டுக் கொடுத்து ஒருவர் உட்கார்ந்திருப்பார். மேசையில் கோப்புகளின் உயரத்துக்கு மாத்திரை அட்டைகளும் இருக்கும். யாராவது ஒரு கோப்பை அவர் பக்கம் லேசாக நகர்த்தினால் போதும், பெருமூச்சு கிளம்பிவிடும். “உடம்பு ஒத்துழைக்கல சார். நாளைக்கே வேலைக்குத் தகுதியில்லைன்னு மெடிக்கல் இன்வேலிடேஷன்ல எழுதிக் கொடுத்துட்டு, பென்ஷனோட போயிடறேன்.”

அந்த ‘நாளை’, அவர் இளநிலை உதவியாளராகச் சேர்ந்த புதிதிலேயே புறப்பட்டுவிட்டது. உதவியாளராகி, துணை வட்டாட்சியராகியும் இன்னும் வந்து சேரவில்லை.

நம்மவருடைய நோய்கள் ஒழுங்கு தவறாதவை. ஜமாபந்தி தேதி அறிவித்தால் ரத்த அழுத்தம் ஏறும். தேர்தல் பணி ஆணை வந்தால் முழங்கால் பிடித்துக்கொள்ளும். இடமாறுதல் பட்டியல் தயாராகிறது என்று வதந்தி வந்தாலே நெஞ்சு படபடக்கும். அகவிலைப்படி அரசாணை வெளியாகும் நாளில் மட்டும் எல்லாம் சாந்தமாகி, மொத்த அலுவலகத்துக்கும் நிலுவைத் தொகையை மனக்கணக்காகவே போட்டுக் கொடுப்பார்.

இவ்வளவு நோயாளி மருத்துவ விடுப்பில் பாதியையாவது தீர்த்திருப்பார் என்றுதானே நினைப்பீர்கள்? பணிக்காலம் முழுவதற்கும் சேர்த்து 540 நாள் உண்டு. அதில் அவர் கை வைத்ததே கிடையாது. கேட்டால், “நிஜமாவே உடம்புக்கு ஏதாவது வந்துட்டா என்ன பண்றது?” என்பார்.

1978-ஆம் வருடத்துத் தமிழ்நாடு ஓய்வூதிய விதிகள் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தில், 1.4.2003 முதல் சேர்ந்த பையன்களைக் கண்டால் உண்மையாகவே மனம் கசிவார். “எங்களுக்காவது நோயில விழறதுக்கு ஒரு விதி இருக்கு தம்பி. உங்களுக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லையே!”

பிறகு ஏன் எழுதிக் கொடுக்கவில்லை? கணக்குதான் தடுத்தது. முழு ஓய்வூதியம் என்பதே கடைசிச் சம்பளத்தில் பாதி. அதற்கும் சர்வீஸ் நிறைந்திருக்க வேண்டும். “வீட்ல உட்கார்ந்தா பாதி. ஆபீஸ்ல உட்கார்ந்தா முழுசு. ரெண்டு இடத்துலயும் உட்காரத்தானே போறோம்?” என்று அவரே ஒருநாள் உண்மையைச் சொல்லிவிட்டார்.

நடுவில் ஒரு சபலம் வந்தது. 53 வயதுக்குள் இயலாமையால் வெளியேறினால், வாரிசு கருணை அடிப்படையில் வேலை கேட்கலாம். மகனிடம் மெதுவாகப் பேச்செடுத்தார். சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்த மகன், “அந்த ஆபீஸா? நீங்களே வெச்சுக்குங்கப்பா” என்று போனை வைத்துவிட்டான். அன்று வந்த நெஞ்சுவலி மட்டும் நிஜம் என்று அலுவலகத்தில் பேசிக்கொண்டார்கள்.

அந்த ரோஷத்தில்தான் ஒரே ஒரு முறை எழுதிக் கொடுத்தார். விண்ணப்பம் மேலே போய், மெடிக்கல் போர்டு முன்னால் ஆஜராகும்படி உத்தரவு வந்தது. பை நிறைய எக்ஸ்ரே, ஈ.சி.ஜி.யோடு போனார். “இனி எந்த வேலைக்கும் முழுமையாகவும் நிரந்தரமாகவும் தகுதியற்றவர்” என்று மருத்துவர்கள் எழுத வேண்டும். இளம் மருத்துவர் ஒருவர் ரிப்போர்ட்டைப் புரட்டியபடி, “அப்போ உங்களால எந்த வேலையும் செய்ய முடியாது, அப்படித்தானே?” என்று சாதாரணமாகக் கேட்டார்.

நம்மவருக்குச் சுருக்கென்றது. “என்ன டாக்டர் அப்படிச் சொல்லிட்டீங்க? நான் ஒரு நாள் லீவு போட்டா அந்த ஆபீஸே ஓடாது! பட்டா மாறுதலா, நில எடுப்பா, கோர்ட் கேஸா, எல்லாம் என் கையால…” என்று தொடங்கி மூச்சு விடாமல் பேசினார். நுரையீரலின் ஆரோக்கியம் சோதனை இல்லாமலே நிரூபணமாயிற்று. “பணிபுரியத் தகுதியானவர்” என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அந்தச் சான்றையும் அவர் விடவில்லை. “மூணு டாக்டர் கூடியும் கண்டுபிடிக்க முடியாத வியாதி” என்று எல்லாரிடமும் காட்டிக்கொண்டிருந்தார்.

இப்படிப்பட்டவரால் அலுவலகத்துக்கு என்ன பயன் என்று கேட்டால், ஜீப் டிரைவரைத்தான் சாட்சிக்கு அழைக்க வேண்டும். சர்க்கரை நோயில் அந்த மனிதருக்குக் கண் மங்கிக்கொண்டே வந்தது. வேலை போய்விடும் என்ற பயத்தில் யாரிடமும் மூச்சு விடவில்லை. ஒரு மாலை நம்மவரிடம் மட்டும் வந்து, “அண்ணே, ராத்திரியில ரோடே தெரிய மாட்டேங்குது. சொன்னா வீட்டுக்கு அனுப்பிடுவாங்களே” என்றார்.

நம்மவர் தலையணையை எடுத்து அப்பால் வைத்தார். “நாளையிலேர்ந்து நீ ஜீப்பைத் தொடக் கூடாது. ஆனா உன்னை எவனும் அனுப்ப முடியாது. 2016-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பிரிவு 20, உட்பிரிவு 4. வேலையில இருக்கறப்போ ஊனம் வந்தா நீக்கவும் கூடாது, பதவியில இறக்கவும் கூடாது. அதே சம்பளத்துல வேற வேலை தரணும். இடமே இல்லைன்னா உனக்குன்னு புதுசா ஒரு பணியிடம் உண்டாக்கியாவது வைக்கணும்.” 2003-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த குணால் சிங் வழக்கையும் மூச்சு வாங்காமல் ஒப்பித்தார். அதில் கால் இழந்த காவலர் ஒருவரை இயலாமை ஓய்வூதியம் கொடுத்து வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். ஓய்வூதியம் கொடுத்துவிட்டதால் மட்டும் அப்போதிருந்த சட்டத்தின் பாதுகாப்பு போய்விடாது என்றது நீதிமன்றம். அன்றிரவே மனுவை அவரே எழுதினார். நோய்களை ஆண்டுக்கணக்கில் சட்டத்தோடு ஒப்பிட்டுப் படித்த கைக்கு ஒரு காற்புள்ளிகூடத் தவறவில்லை. டிரைவர் சம்பளம் குறையாமல் தபால் பிரிவுக்குப் போனார். நம்மவருக்கு மனநிறைவு, கூடவே கொஞ்சம் பொறாமை. “ஃபேன் காத்து அங்கதான் நல்லா வரும்.”

பிறகு வந்ததுதான் சோதனை. 58-இல் விடுதலை என்று நாள் எண்ணிக்கொண்டிருந்தபோது, 2020-இல் அரசு ஓய்வு வயதை 59 ஆக்கியது. அடுத்த ஆண்டே 60. “இந்த உடம்பை வெச்சுக்கிட்டு இன்னும் ரெண்டு வருஷமா!” என்று பதறினார். அதே மூச்சில், “இன்கிரிமென்ட் உண்டில்லே?” என்றும் கேட்டார்.

சால்வை, மாலை, “உடல்நலம் குன்றிய நிலையிலும் அரும்பணி ஆற்றிய” என்ற பாராட்டுரை எல்லாம் முடிந்து ஓய்வு பெற்றார். இப்போது ஆண்டுக்கு ஒருமுறை கருவூலத்தில் நேர்காணல். நோய்ச் சான்றுகளோடு வாழ்ந்தவர், உயிரோடு இருப்பதற்குச் சான்று கொடுக்க வரிசையில் முதல் ஆளாக நிற்கிறார். காலையில் நடைப்பயிற்சி, இரவில் இரண்டே இட்லி. காரணம், 80 வயது ஆனால் ஓய்வூதியத்தில் 20 சதவீதம் கூடுதல். 85-இல் 30, 90-இல் 40, 95-இல் 50, 100-இல் 100 சதவீதம். வரிசையில் பின்னால் நிற்கும் பென்ஷன்தாரர்களுக்கு அதை விளக்கிவிட்டு எச்சரிக்கிறார்:

“தொண்ணூத்தஞ்சுக்கும் நூறுக்கும் நடுவுல மட்டும் யாரும் அவசரப்பட்டுப் போயிடாதீங்க. பெரிய நஷ்டம்.”