சயாம் தேசத்துச் சொதி

திருகோணமலையில் பிறந்தவனுக்குக் கடல் வீட்டு வாசலில் கிடக்கிறதென்றாலும், அந்தக் கடலுக்கு அக்கரையில் இருக்கிற சனங்கள் மத்தியானத்துக்கு என்ன சாப்பிடுகிறார்கள் என்று விசாரிக்கும் வழக்கம் அவனுக்குப் பெரும்பாலும் கிடையாது. பிட்டும் பாரைமீன் குழம்பும் கிடைக்கும் வரையில் மற்றத் தேசங்களின் பாகசாஸ்திரமெல்லாம் அவனுக்கு வெறும் கேள்வி ஞானம். அப்படிப்பட்ட ஊரில், துறைமுகத்துக்குப் போகும் வீதியொன்றில், சோழகக் காற்றோடு உப்புவெளிக்கும் நிலாவெளிக்கும் வந்திறங்கும் வெள்ளைக்காரப் பிரயாணிகளை உத்தேசித்து ‘லாவோஸ், தாய்லாந்து உணவகம்’ என்று ஒரு பலகை முளைத்தபோது, அதை முதன்முதலில் பரிகசித்தவரும், பிறகு அங்கே போவதற்கு முதல் ஆளாகச் சட்டை மாற்றிக்கொண்டு நின்றவரும் ஒருவரே. அவர் என் மனைவியின் தமையனார்.

மச்சான் துறைமுகத்தில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். கப்பல் சரக்குப் பட்டியலைப் பார்த்த கண்ணாலேயே சாப்பாட்டு அட்டையையும் பார்ப்பார். அன்றைக்கு வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமைகளில் அவர் மச்சம் தொடுவதில்லை என்பது கோணேசர் கோவில் மணியடிப்பதைப் போல ஊரறிந்த சங்கதி.

“தம்பி, இதில மச்சம் இல்லாத சாமான் எது?” என்று பரிமாற வந்த பையனைக் கேட்டார்.

“எல்லாத்தையும் மரக்கறியாச் செய்யலாம் ஐயா. மீன் சாறு மட்டும்தான் விடுறது.”

“அதை விடாமச் செய்யேலாதோ?”

“விடாட்டி அது தாய்லாந்துச் சாப்பாடு இல்லை ஐயா, எங்கட வீட்டுச் சாப்பாடு.”

இதைவிடச் சுருக்கமாக அந்தத் தேசத்துப் பாகசாஸ்திரத்தை யாரும் எனக்கு விளக்கியதில்லை. நெத்தலியையும் உப்பையும் தாழியிலே போட்டு மாதக்கணக்கில் ஊறவைத்து வடித்தெடுக்கிற ‘நாம் பிளா’ என்னும் அந்தத் திரவம் தாய்லாந்தில் உப்பின் ஸ்தானத்தை வகிக்கிறது. கடற்கரையே இல்லாத லாவோஸ் தேசத்தாரோ, மேக்கொங் ஆற்று மீனை உப்போடும் தவிட்டோடும் சேர்த்துப் புளிக்கவைத்து, ‘பாடேக்’ என்று ஒன்றைச் சமைத்து, அதைச் சட்டியிலிருந்து அகப்பையால் அள்ளிப் போடுகிறார்கள். அதன் வாசனையைப் பற்றி நான் அபிப்பிராயம் சொல்லப்போவதில்லை. கருவாடு காயும் வாடிகளுக்கு நடுவே மூக்கைப் பொத்தாமல் நடந்து பழகிய ஊரான் அந்த விஷயத்தில் நீதிபதியாக உட்காருவது முறையல்ல.

இளநீரோடு உபவாசம் இருக்க ஆயத்தமான மச்சானை ஆறுதல்படுத்த, பாங்கொக்கிலுள்ள பிராமணக் கோவிலில் நமது திருவெம்பாவை, உச்சரிப்பு அடையாளம் தெரியாமல் உருமாறியிருந்தாலும், இன்றைக்கும் ஓதப்படுகிறது என்று எடுத்துச் சொன்னேன். “அப்ப அவங்கள் வெள்ளிக்கிழமையும் பாக்க வேணுமே?” என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லாததால் சரித்திரத்துக்குப் போனேன்.

சயாமியர், அதாவது தாய்லாந்துக்காரர், இந்த ஊருக்குப் புதியவர்கள் அல்லர். கண்டி இராச்சியத்தில் உபசம்பதை என்னும் முழுத் துறவு பெற்ற பிக்குகள் அற்றுப்போன காலத்தில், மதுரை நாயக்க வம்சத்தில் வந்த கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் தூதனுப்பி வேண்டிக்கொண்டபடி, அயுத்தியாவிலிருந்து உபாலி தேரரும் அவருடைய பரிவாரமும் புறப்பட்டு, 1753-ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் கப்பலில் வந்திறங்கியது இதே திருகோணமலைத் துறையில்தான். இலங்கையின் சயாம் நிக்காயா என்னும் பிக்கு சங்கம் அந்த வருகையால் ஸ்தாபிதமானது. பிக்குகள் நடுப்பகலுக்குப் பிறகு ஆகாரம் கொள்வதில்லையாகையால், நமது ஊரில் சயாமியர் இராப்போஜனம் தொடங்குவதற்கு இரண்டரை நூற்றாண்டுக்கு மேல் காத்திருக்க நேர்ந்தது என்று நான் முடித்தபோது, மச்சான் என் கோப்பையைக் கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அது ‘தொம் யம்’ என்னும் இறால் ரசம். அதிலே மிதந்த அரத்தையைக் கண்டதும், சளி பிடித்த காலங்களில் என் பாட்டி கஷாயத்தோடு துரத்தி வந்த ஞாபகம் எனக்கு வந்துவிட்டது. வைத்தியசாலையில் இலவசமாகக் கிடைத்தாலும் நாம் முகம் சுளிக்கிற சரக்கை, மேசைத் துணி விரித்து, மெழுகுதிரி ஏற்றி, காசு வாங்கிக்கொண்டு கொடுக்கிற சாமர்த்தியத்தை மெச்சாமல் இருக்க முடியாது. அரத்தைத் துண்டு, எலுமிச்சம்புல் தண்டு, முரட்டு இலை என்று நான் தின்னக்கூடாமல் கரையில் ஒதுக்கியவற்றை மச்சான் ஒவ்வொன்றாக எண்ணி, “ஒதுக்கினதுக்கும் சேத்தோ காசு?” என்றார். அடுத்து வந்த பச்சைக் கறி, கொச்சிக்காய் அரைத்து முதற்பால் விட்ட சொதியேயன்றி வேறில்லை. சொதியென்று பெயரிட்டால் கேட்காமலே இன்னொரு அகப்பை ஊற்றுவார்கள்; கறியென்று பெயரிட்டபடியால் மறுதரம் ஊற்றவில்லை.

சமையற்காரர் சாம்பல்தீவுப் பிள்ளை. டுபாயில் ஒரு தாய்லாந்து உணவகத்துக்குப் பாத்திரம் கழுவப் போனவர், பக்கத்து அடுப்பில் நின்ற லாவோஸ்காரரிடம் கைப்பாகம் கற்றுத் திரும்பியிருக்கிறார். பப்பாசிக்காயைச் சீவி உரலிலிட்டு அவர் இடிக்கிற ஓசை எங்கள் மேசை வரை கேட்டது. தாய்லாந்துக்காரர் அதில் கச்சானும் சர்க்கரையும் சேர்ப்பார்கள். லாவோஸ்காரர் பாடேக்கைச் சேர்ப்பார்கள். இடிப்பது இருவருக்கும் பொது. ஆனால் எனக்கு வந்ததில் உறைப்பு இல்லை! காசு கொடுத்துச் சாப்பிடுகிறவனெல்லாம் வெள்ளைக்காரனே என்று அடுப்படியில் முடிவு செய்துவிட்டார்கள் போலும். இந்த அவமதிப்பை நான் திருப்பியனுப்ப, அவர் தமக்கென்று இடிப்பது போல இன்னொன்று இடித்து, தாமே கொண்டுவந்து வைத்தார். அது சாப்பாடு.

கூடவே, மூங்கில் கூடையில், இராமுழுதும் ஊறவைத்து ஆவியில் அவித்த பசையரிசிச் சோறு. அவிக்கிற பாத்திரத்தைக் காட்டச் சொன்னேன்: பனையோலைக்குப் பதில் மூங்கிலால் பின்னிய நம்முடைய நீத்துப்பெட்டிதான், அதே கூம்பு, அதே பானை வாய். மேசையில் அலங்காரத்துக்கென்று குச்சிகளை வைத்திருந்தார்கள். தாய்லாந்திலே நூடில்ஸுக்கு மட்டுமே குச்சி. மற்றதெல்லாம் கரண்டியால் உண்டு, முள்ளுக்கரண்டியால் தள்ளிக்கொள்வது. லாவோஸ்காரர் இந்தச் சோற்றைக் கையால் பிடித்து உருட்டித் தொட்டுத் தின்கிறார்கள். பக்கத்து மேசையில் கொழும்புக் கனவான் ஒருவர் அதே சோற்றை முள்ளுக்கரண்டியால் குத்திக் குத்திக் களைத்துக்கொண்டிருக்க, நான் சட்டைக் கையை மடித்துவிட்டு, மரியாதையில் எவருக்கும் குறையாதவனாக உருட்டினேன்.

மச்சானுக்குக் கடைசியில் மோட்சம் கிடைத்தது. அதே பசையரிசியில் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் விட்டு, பக்கத்திலே மாம்பழம் அரிந்து வைத்த பலகாரத்தில் மீன் சாறு ஒரு துளியும் இல்லையென்று பையன் சத்தியம் செய்ய, அவர் ஒன்றுக்கு இரண்டாகச் சாப்பிட்டார். அலங்காரத்துக்கு வைத்த கீரைகள் மட்டும் கோட்டையிலிருந்து வந்து வாசலில் காத்திருந்த புள்ளிமானுக்குப் போயின.

போக விரும்புகிறவர்கள் வெள்ளிக்கிழமையைத் தவிர்த்துக்கொண்டு, உட்காரும்போதே “எங்கட உறைப்பு” என்று சொல்லிவிடுவது நல்லது. வாடைக்காற்று தொடங்கினால் பிரயாணிகள் போய்விடுவார்கள், கடையையும் பூட்டிவிடுவார்கள். போவதானால் அதற்கு முன்னமே போய்விடுங்கள்.