மலைத் திருவிழா பார்க்கப் போகும் பேராண்டிக்கு

வாடா பேராண்டி, உட்காரு. நாகாலாந்து போயிட்டு வந்தியாமே. உங்கம்மா போனிலே படமெல்லாம் காட்டினா. தலையிலே இறகு செருகிக்கிட்டு நிக்கிறியே, அது இருவாட்சி இறகா, வாத்து இறகா? கேட்டா கோவிச்சுக்குவே. டிசம்பர் 1ந்தேதியிலேருந்து பத்து நாள், கோஹிமா பக்கத்திலே கிசாமாங்கிற ஊர்லே நாகர் குலமெல்லாம் கூடி ஆடறாங்களாம். 2000லேருந்துதான் இந்த விழா நடக்குதாம். ஆட்டம் நல்லாத்தான் இருந்தது, குத்தம் சொல்லலே. டிக்கெட், ஓட்டல், டாக்சின்னு நீ கொட்டின தொகையையும் உங்கம்மா காதோட சொன்னா. மலைத் திருவிழா பார்க்க அவ்வளவு ஆகும்னு எனக்குத் தெரியாம போச்சே! பிறந்ததிலேருந்து ஓசியிலேயே பார்த்துப் பழகிட்டேன்.

மலைன்னா பனி பெய்யணும்னு உனக்கு எவன் சொன்னான்? திருச்சி மெயின்கார்டு கேட்டுலே நின்னு மலைக்கோட்டையை அண்ணாந்து பாரு. 273 அடிதான், ஒத்துக்கறேன். ஆனா பிள்ளையார் சதுர்த்தி அன்னிக்கு வந்து பார்த்திருக்கியா? முந்தின நாளே அரிசி மாவு, வெல்லம், தேங்காய், எள்ளு, ஏலக்காய், நெய்யெல்லாம் சேர்த்துப் பிசைஞ்சு, துணியிலே கட்டி, ஆவியிலே வேக வைக்க ஆரம்பிச்சிடுவாங்க. கீழே மாணிக்க விநாயகருக்கு 75 கிலோ கொழுக்கட்டை, உச்சிப் பிள்ளையாருக்கு 75 கிலோ. உச்சியிலே இருக்கிறவர் பங்கைத் தூளி கட்டி, கம்பைத் தோள்லே தாங்கிக்கிட்டு நானூத்துச் சொச்சம் படி ஏறணும். கீழே உள்ளவருக்கு வெச்சதையே ரெண்டு பேருக்கும் கணக்கு காட்டிடலாமேன்னு இத்தனை வருஷத்திலே ஒருத்தனுக்கும் தோணலே பாரு. உங்க ஆபீஸ்லே இருந்திருந்தா தோணியிருக்கும்.

நடுவிலே தாயுமானவர். சித்திரைத் திருவிழாவிலே செட்டிப்பெண் மருத்துவம்னு ஒரு வைபவம் நடக்கும். அந்தப் பொண்ணு பிரசவத்துக்கு வரவேண்டிய அம்மா காவிரி வெள்ளத்திலே அக்கரையிலேயே மாட்டிக்க, சிவனே அம்மா வேஷத்திலே வந்து பேறு பார்த்தார்ங்கிறது கதை. இந்தக் காலமா இருந்தா வெள்ளமே வேண்டாம், பாலத்து டிராபிக்கே போதும், சாமி வந்துதான் ஆகணும்.

மலை கணக்கிலே சேராட்டியும், ஸ்ரீரங்கத்திலே குடியிருக்கிற பாவத்துக்கு ஒண்ணு சொல்லிடறேன். வைகுண்ட ஏகாதசிக்குப் பரமபத வாசல் வழியா நுழைய லட்சம் பேர் விடியக்காலையிலே இடிபடறாங்க. நீயும் இடிபட்டுட்டு வந்து முதுகைப் பிடிச்சுக்கிட்டே. அதே பகல்பத்து, இராப்பத்து நாள்லே உள்ளே அரையர் சேவை நடக்குதே, அதைப் பார்த்தியா? கூம்பு மாதிரி நீண்ட குல்லாய், கையிலே தாளம். பாசுரத்தை இசையாப் பாடுவார், அபிநயம் பிடிப்பார், வியாக்கியானமும் சொல்லுவார். நாதமுனி காலத்துச் சொத்து. இன்னிக்கும் இது நடக்கிற கோயிலை விரல் விட்டு எண்ணிடலாம், ஒண்ணு நம்ம தெரு முனையிலே இருக்கு. அங்கே உட்கார இடம் கிடைக்கும்டா, இடிபடவே வேண்டாம். அதனாலேதான் நீ போகலையோ என்னவோ.

ஆடிப் பதினெட்டுக்குக் கொல்லிமலை போகப் போறேன்னு சொன்னியே. போ. துறையூர்ப் பக்கம் புளியஞ்சோலையிலே நாம குளிக்கிற தண்ணியே அந்த மலையிலே இருக்கிற ஆகாயகங்கை அருவியிலேருந்து இறங்கி வர்றதுதான். காரவள்ளிப் பாதையிலே 70 கொண்டை ஊசி வளைவு. காரை நீயே ஓட்டு, பின்னாலே உட்கார்ந்தா வாந்திதான் வரும். செம்மேட்டிலே வல்வில் ஓரிக்கு அரசாங்கமே விழா எடுக்குது, வில்வித்தைப் போட்டியும் உண்டு. மேடையிலே வரவேற்புரை முடியறதுக்குள்ளே அறப்பளீசுவரரைச் சேவிச்சுட்டே வந்துடலாம். ஓரி விட்ட ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்புன்னு அஞ்சையும் தைச்சுதுன்னு வன்பரணர் புறநானூத்திலே பாடி வெச்சிருக்கார். நீயும் ஒரு திருவிழாவுக்குப் போனா ஐநூறு போட்டோ எடுக்கிறே. ஒண்ணாவது தைச்சுதா?

இப்போ நிசமான விஷயத்துக்கு வர்றேன். நம்ம ஊர்ப்பக்கம், மணப்பாறைக்கு அந்தாண்டை வீரப்பூர். வீரமலை அடிவாரம், பெரியகாண்டியம்மன் கோயில். மாசித் திருவிழா. "பொன்னர் சங்கர்தானே தாத்தா, படம் பார்த்திருக்கேனே"ன்னு உடனே சொல்லுவே, தெரியும். கலைஞர் எழுதின கதை, 2011லே வந்த படம், அண்ணன் தம்பி ரெண்டுமே பிரசாந்த்துதான். ரெண்டரை மணி நேரத்திலே கதையை முடிச்சு உன்னை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. அதே கதையை உடுக்கைக்காரன் பாடினா ஒரு ராத்திரியிலே அடங்காது. 1965லே பிரெண்டா பெக்னு கனடாக்காரம்மா காங்கேயம் பக்கத்துக் கிராமத்திலே தங்கி, இதைப் பாடச் சொல்லி டேப்பிலே பிடிச்சாங்க. 18 ராத்திரி ஓடுச்சு. அப்புறம் 1992லே ரெண்டு பாகமா புஸ்தகமும் போட்டாங்க. கடல் தாண்டி வந்தவங்க கொசுக்கடியிலே 18 ராத்திரி உட்கார்ந்தாங்க. நீ அரை நிமிஷம் எடுத்து, அதுக்கு சினிமாப் பாட்டு ஒட்டிப் போடறே.

உடுக்கை அடிக்கிறவன் கையைப் பக்கத்திலே போய்ப் பாரு. ஒரு கையி தோலிலே விளையாடும். இன்னொரு கையி இடுப்புக் கயித்தைப் பிடிச்சிருக்கும். கயித்தை அழுத்தினா சத்தம் ஏறும், விட்டா இறங்கும். அதிலேயே குதிரை ஓடும், பொம்பளை அழும், எதிரி தலையூர்க் காளியோட கொம்பன் பன்னி உறுமிக்கிட்டு வயலை அழிக்கும். கூடவே பின்பாட்டுக்காரன் ஒருத்தன் உட்கார்ந்திருப்பான். முன்னவன் ஒரு அடி சொன்னா இவன் "ஆமா"ம்பான். விடியவிடிய ஆமா. கதை சொல்றவன் தூங்காம இருக்கிறதே அந்த ஆமாவாலேதான். இந்த வேலை உனக்குக் கச்சிதமாப் பொருந்தும், மீட்டிங்கிலே அதைத்தானே செய்யறே. ஒரே ஒரு வித்தியாசம், அவன் கதையைக் கேட்டுக்கிட்டே ஆமா போடறான்.

மாசித் திருவிழாவிலே வேடபரி அன்னிக்கு முரசு அதிர, குதிரை வாகனத்திலே பொன்னர், யானை வாகனத்திலே பெரியகாண்டியம்மன் வருவாங்க. கோயமுத்தூர், ஈரோடு, கரூர்னு எங்கேயிருந்தெல்லாமோ குடும்பம் குடும்பமா வந்து குவிஞ்சிருப்பாங்க. அதுக்கு என்னோட யோசனை இது: சாயங்காலமா சாவகாசமாப் புறப்படு. காரை ரெண்டு மைலுக்கு அந்தாண்டையே போலீஸ் நிறுத்திடும். ஏசியை விட்டு இறங்காதே, தூசி. கண்ணாடி வழியா ஜனங்களோட முதுகு நல்லாத் தெரியும். அப்படியே திருப்பிக்கிட்டு வந்து "செம கூட்டம், செம வைப்"னு எழுதிடு. ஒருத்தனும் சந்தேகப்பட மாட்டான்.

அப்படி முடியாது, இறங்கித்தான் பார்ப்பேன்னு அடம் பிடிச்சியானா, படுகளத்துக்குப் போ. அண்ணன் தம்பி மாண்ட எடம்னு கும்பிடற மண்ணு. உடுக்கையும் பாட்டும் ஏற ஏற, நேத்து வரைக்கும் மளிகைக் கடையிலே உட்கார்ந்திருந்த ஆளு விறைச்சுப் போய்ச் சாய்வான். அடுத்தவன், அதுக்கடுத்தவன்னு வரிசையா விழுவாங்க. போர்லே செத்தவங்களா நெனைச்சுத் துணியைப் போர்த்திடுவாங்க. பொண்டாட்டி, ஆத்தாவெல்லாம் பக்கத்திலேயே குந்தியிருப்பாங்க. நடிப்புன்னு அவங்களுக்குத் தெரியாதான்னு நீ கேப்பே. தெரியும்டா. தெரிஞ்சுதான் கண்ணு கலங்குறாங்க. அப்புறம் தங்கச்சி தங்காள் பேரைச் சொல்லித் தண்ணி தெளிச்சு ஒவ்வொருத்தரா எழுப்புவாங்க. அந்த நேரத்திலே செல்லை மூஞ்சிக்கு நேரா நீட்டாதே. செத்தவன் கண்ணு முழிச்சதும் முதல்லே பார்க்கிறது உன் மூஞ்சியா இருந்தா, அவன் மறுபடி சாய்ஞ்சுடுவான்.

"கலையை அழியாம காக்கணும் தாத்தா"ன்னு போன தடவை எனக்கே பாடம் எடுத்தே. காக்கலாம்பா. பாடினவர் விரிச்சிருக்கிற துண்டிலே காசு போடு. நாகாலாந்து ஓட்டல்காரனுக்குக் கொடுத்ததிலே கால்வாசி போதும், உடுக்கைக்கே புதுத்தோல் போட்டுடுவார். போற வழியிலே மணப்பாறையிலே முறுக்கு வாங்கிக்கோ. 2023லே புவிசார் குறியீடு கொடுத்துட்டாங்க, இனிமே பயமில்லாம திங்கலாம். எனக்குப் பல் இல்லைன்னு நீ வாங்காம வந்துடாதே, தண்ணியிலே ஊறப்போட்டாவது தின்னுக்கறேன்.

லீவுக்கு என்ன காரணம் சொல்றதுன்னு முழிக்காதே. என்னைத்தான் ஏற்கெனவே ஆபீஸ்லே ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாச் சேர்த்து வெச்சிருக்கியே. இந்த மாசிக்குத் தாத்தா போயிட்டார்னே எழுதிடு, நான் ஒண்ணும் நெனைச்சுக்க மாட்டேன். நானும் உன் கூடவே வீரப்பூர் வந்துடறேன். திரும்பிப் போனதும் மேனேஜர் கேட்டா, படுகளத்திலே தண்ணி தெளிச்சு எழுப்பிட்டாங்கன்னு சொல்லு.