கேசட்டும் டிரைவரும்

கேள்வி: அப்பாவின் பழைய திருப்பாவை கேசட்டுகளை யு.எஸ்.பி. ஆடியோ கன்வெர்ட்டர் வழியாகக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறேன். ஒரே இரைச்சல். நல்ல டிரைவர் எங்கே கிடைக்கும்?
– வாசகர், ராஜபாளையம்

பதில்: பெரும்பாலும் உங்கள் கம்ப்யூட்டருக்குள்ளேயே இருக்கிறது! விலை குறைந்த கன்வெர்ட்டர்கள் பலவும் யு.எஸ்.பி. ஆடியோ பொதுவிதிப்படி செய்யப்பட்டவை. விண்டோஸ் தன் சொந்த டிரைவராலேயே அவற்றை இயக்கிவிடும். அந்த விதியின் இரண்டாம் பதிப்பில் வந்த கருவிகளுக்கும் 2017 முதல் விண்டோஸ் 10-லேயே டிரைவர் உண்டு. தனி டிரைவர் கேட்கும் கருவியா? பால்கோவாவை ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே வாங்குவதுபோல, தயாரித்த நிறுவனத்தின் தளத்திலேயே எடுங்கள். ‘எல்லா டிரைவரும் இலவசம்’ என்று கூவும் தளங்கள் வேண்டவே வேண்டாம். பாசுரத்தோடு வைரஸும் வந்துசேரும்.

இரைச்சலை வேறு இடத்தில் தேடுங்கள். டேப் ஹெட்டை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடையுங்கள். ஹெட்போன் துளையிலிருந்து ஒலி எடுக்கிறீர்கள் என்றால் வால்யூமைக் குறையுங்கள். ரெக்கார்டிங் அமைப்பில் 2 சேனல், 16 பிட், 44,100 ஹெர்ட்ஸ் வையுங்கள். அது சி.டி. தரம், கேசட்டுக்குத் தாராளம். நாடா ஆண்டுக்கு ஆண்டு நைந்துகொண்டே போகும். மார்கழிக்காகக் காத்திருக்காமல் இந்த வாரமே ஏற்றிவிடுங்கள்.