மேடவாக்கத்து வீடுகளில் பெல்ஜிய வெள்ளை பீரைச் சுவைத்து மதிப்பிடும் முறை

1. வரையறை: பெல்ஜிய வெள்ளை பீர் ஏல் வகையைச் சேர்ந்தது. பார்லி மால்ட்டுடன் முளைகட்டாத கோதுமை சேர்த்து, கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் போட்டுக் காய்ச்சப்படுவது. சாராயச் சத்து ஏறத்தாழ 5 சதவீதம். 1950களில் வழக்கொழிந்த இந்த பீரை, ஹூகார்டன் ஊரில் பால்காரராக இருந்த பியர் செலிஸ் 1966இல் மீட்டெடுத்தார். இதில் சேரும் கொத்தமல்லி விதை, அதாவது தனியா, வறுபடும்போது பதம் தப்பினால் அடுத்த அறையிலிருந்தே கண்டுபிடிக்கும் மூக்கு இவ்வூர் வீடுகளில் ஏற்கெனவே உண்டு. ஆகவே நடுவர்களுக்குத் தனிப் பயிற்சி தேவையில்லை.

2. மாதிரி சேகரிப்பு: தமிழகத்தில் மதுவின் சில்லறை விற்பனை 2003 முதல் டாஸ்மாக் வசம் உள்ளது. வீட்டில் காய்ச்சுவது 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டத்தின் கைக்குள் வருவதால், ஆய்வு குடிப்பதோடு நிற்கும். “கூலிங் இருக்கா?” என்பதே கடையில் கேட்கப்படும் முதல் கேள்வி. ஆனால் அளவுக்கு மீறிய குளிர் மணத்தை அமுக்கிவிடும். 6 முதல் 8 டிகிரியே உகந்தது. தாம்பரம்–வேளச்சேரி சாலை நெரிசல் இந்தத் திருத்தத்தை இலவசமாகச் செய்து தருகிறது. புட்டியைச் செய்தித்தாளில் சுற்றுவது அக்கம்பக்கத்தாருக்காக என்றே பொதுவாகக் கருதப்படுகிறது. வெளிச்சம் பட்டு ஹாப்ஸ் கெட்டு நாற்றமடிக்காமல் காப்பது அதன் வேதியியல் பயன்.

3. கலம்: எவர்சில்வர் டம்ளர் தகாது, நிறமும் கலங்கலும் தெரியா. கண்ணாடி டம்ளரில் எண்ணெய்ப் பிசுக்கோ சோப்போ ஒட்டியிருந்தால் நுரை நிற்காது. காபியைப் போல் டபராவில் ஆற்றுவது வாயுவை வெளியேற்றும், கூடாது.

4. செய்முறை: கீழ்வீட்டில் தாளிக்கும் நேரத்தைத் தவிர்க்க வேண்டும், அந்த மணம் பீரின் கணக்கில் ஏறிவிடும். மூன்றில் இரண்டு பங்கை ஊற்றி, புட்டியை மெல்லச் சுழற்றி, அடியில் தங்கிய ஈஸ்ட் கலங்கியபின் மிச்சத்தை ஊற்றுக. குடிக்குமுன் முகர்க. மல்லியும் ஆரஞ்சும் முன்னே வரும். ஈஸ்ட் தரும் லேசான கிராம்பு வாசனை பின்னே வரும். அட்டைப்பெட்டி வாடை வந்தால் காற்றும் வெப்பமும் பட்ட பழைய சரக்கு. சைடிஷ்ஷாக மிக்சரும் ஊறுகாயும் விலக்கு. வெறும் பொரி போதும்.

5. மதிப்பெண்: அமெரிக்காவில் 1985இல் தோன்றிய பீர் நடுவர் சான்றளிப்புத் திட்டம் 50 மதிப்பெண் வைத்திருக்கிறது: மணம் 12, தோற்றம் 3, சுவை 20, வாயுணர்வு 5, ஒட்டுமொத்தம் 10. “ஜூஸ் மாதிரி இருக்கு, கிக்கே இல்ல” என்று வரும் தீர்ப்புக்கு இதில் கட்டம் இல்லை. அத்தகைய நடுவர் ஒட்டுமொத்தத்தில் கைவைத்துக் கணக்கைத் தீர்த்துக்கொள்வார். இரண்டாம் புட்டிக்குப் பின் எல்லாக் கட்டங்களிலும் மதிப்பெண் ஏறுவதால், முதல் டம்ளரின் மதிப்பெண் மட்டுமே செல்லும்.

6. முடிவு: 45 அல்லது அதற்கு மேல் பெற்றது உன்னதம், 30 முதல் 37 வரை மிக நன்று, 13ஐத் தாண்டாதது குறையுள்ளது. குறையுள்ள புட்டியைக் கடையில் திருப்பிக் கொடுத்துப் பணம் வாங்குவது எளிதன்று. எனவே மதிப்பெண்ணைக் குறித்துக்கொண்டபின் அதுவும் மிச்சமின்றிக் குடித்து முடிக்கப்படும்.