ஏழு கத்தி, ஒரு தாடை

19-ஆம் நூற்றாண்டு ஷெஃபீல்டில் ஏழு சவரக்கத்திகளை ஒரே பெட்டியில் வைத்து விற்றார்கள். ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு கிழமையின் பெயர். எஃகுக்கும் ஓய்வு வேண்டுமாம். தாடைக்கு அந்தச் சலுகை கிடையாது. இன்று ஏழும் குறையாத பெட்டி கிடைத்தால் சேகரிப்பாளருக்குத் தலைகால் புரியாது. ஒன்று மட்டும் காணாமல் போயிருந்தால் அவருக்குச் செவ்வாய் தோஷம். ஏலம் ஏலமாக ஜோடி தேடி அலைவார்.

அலமாரியில் செல்லுலாய்டு பிடி போட்ட பழைய கத்தி ஒன்று இருந்துவிட்டால் போச்சு. பிடி சிதைந்து அமில ஆவி விட, பக்கத்துக் கத்திகளும் துருப்பிடிக்கும். மனிதர் சளைக்கமாட்டார். பிடியின் ஆணியைக் கழற்றி, அலகை உப்புத்தாளால் பொறுமையாகத் தேய்த்து, புதுப் பித்தளை ஆணி தட்டி, கல்லில் தீட்டி, தோல்வாரில் இழுத்து, முகம் தெரியும்வரை பளபளக்க வைப்பார். தெரியும் முகத்தில் முழத்துக்குத் தாடி.